யார் எழுதிக் கொடுத்தது?

1

இந்த ஊரில் ரேடியோவில் பாட்டு பாதியில் நின்று பேண்டு வாத்தியம் வாசிக்க ஆரம்பித்தால், அடுப்பை அணைத்துவிட்டுக் கடைக்கு ஓட வேண்டும். அரிசி, மண்ணெண்ணெய், தீப்பெட்டி. நைஜீரியாவுக்கு வந்து இத்தனை வருஷத்தில் எனக்குக் கிடைத்த உருப்படியான அறிவு இதுதான்.

நாங்கள் வந்த புதிதில் இங்கே பட்டாளம் விலகித் தேர்தல் நடந்தது. லாரி மேல் மேளம் வைத்து ஊர்வலம் போனார்கள். சந்தையில் தக்காளி விற்கிற அம்மாள்கூட அரசியல் சட்டம் பேசினாள். பத்திரிகைக்காரர்கள் மந்திரிகளைக் கிழி கிழியென்று கிழித்தார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நாடகம் போட்டால் அதில் ஒரு தொப்பை வைத்த மந்திரி கட்டாயம் உண்டு. நாலு வருஷம் அந்தக் கூத்து நடந்தது. பிறகு ஒரு காலையில் பேண்டு வாத்தியம், மறுபடியும் பட்டாளம் ஆட்சியைப் பிடித்துவிட்டது. இப்போது நாடகத்தில் தொப்பை கிடையாது, பத்திரிகையில் கார்ட்டூன் கிடையாது. ஏடாகூடமாக எழுதினவனை உள்ளே வைக்கச் சட்டம் இருக்கிறது.

ஊரிலிருந்து எழுதுகிறவர்கள் எல்லாம், அங்கே பயமாக இல்லையா என்று கேட்கிறீர்கள். பயம் இல்லாமல் என்ன. ஆனால் அதை நான் இங்கே வந்து வாங்கவில்லை. திருவண்ணாமலையிலிருந்தே மூட்டை கட்டிக்கொண்டு வந்ததுதான். போன மாதம் என் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு செய்தியோடு வந்து அந்த மூட்டையை அவிழ்த்துவிட்டாள்.

2

மகள் பெயர் தேன்மொழி. என் அண்ணன் வைத்த பெயர். இங்கே யாருக்கும் அது வாயில் நுழையாது, தெனி என்கிறார்கள். அவளும் இப்போது யாராவது கேட்டால் தெனி என்றுதான் சொல்கிறாள். பதினாலு வயசு. சிநேகிதிகளோடு ஹவுசா பேசுவாள், தனக்குத்தானே இங்கிலீஷ் பேசிக்கொள்வாள், சாப்பாடு பிடிக்காவிட்டால் மட்டும் தமிழ் வரும். நான் அதே பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். என் வீட்டுக்காரர் குடிநீர் வாரியத்தில் என்ஜினீயர்.

பள்ளிக்கூடத்தில் இலக்கிய விவாத மன்றம் என்று ஒன்று உண்டு. தேர்தல் காலத்தில் அங்கே பேசாத அரசியல் இல்லை. பட்டாளம் வந்த பிறகு, டாக்டர் பெரியவரா டீச்சர் பெரியவரா, நகரம் நல்லதா கிராமம் நல்லதா என்று ஆகிவிட்டது. எனக்கு அது நிம்மதியாக இருந்தது. அன்றைக்கு வந்தவள் பையைக் கூடக் கழற்றவில்லை. ஆண்டு விழா விவாதத்துக்குத் தன்னைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள் என்றாள். தலைப்பு, நாட்டுக்கு அதிகம் வேண்டியவர் உழவரா, படைவீரரா. இவள் உழவர் கட்சி. சிறப்பு விருந்தினர், பக்கத்து ராணுவ முகாமிலிருந்து வரும் மேஜர்.

தலைமை ஆசிரியருக்கு யார் இந்த யோசனை சொன்னார்களோ தெரியாது. மேஜரைக் குளிர வைக்கலாம் என்று பார்த்திருப்பார். பட்டாளத்துக்காரரை மேடையில் உட்கார வைத்துக்கொண்டு, பட்டாளத்தைவிட உழவன் மேல் என்று என் பெண் பேச வேண்டுமாம்.

அந்த நேரம் பார்த்து எங்கள் மூன்று பேர் பாஸ்போர்ட்டும் குடியேற்ற அலுவலகத்தில் இருந்தன. வருஷா வருஷம் வேலை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது தங்குவதற்கான முத்திரையும் புதிதாகப் போட வேண்டும். அந்த ஆபீசில் ஒருவர் இருப்பார், இன்னொருவர் இருக்க மாட்டார். இருக்கிறவரிடம் முத்திரை இருக்காது. போன வருஷம் திருவண்ணாமலை என்கிற ஊர்ப்பெயர் கட்டத்துக்குள் அடங்கவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். பாஸ்போர்ட் இல்லாமல் ஓடவும் முடியாது. ஒரு வார்த்தை பிசகினால் என் வேலை போகும், நாடு கடத்துவார்கள். அதைக்கூடத் தாங்கலாம். பெண்ணை விசாரிக்க வேண்டும் என்று கூட்டிக்கொண்டு போனால் யாரைப் போய்க் கேட்பேன்?

விசாரிக்க வேண்டும் என்ற வார்த்தை எனக்கு எப்படிப் பழக்கம் என்று சொல்ல வேண்டும்.

3

என் அண்ணன் ஏழுமலை திருவண்ணாமலை தாலுகா ஆபீசில் கிளார்க். சாமி இல்லை என்பான், கதை எழுதுவான், வாதாடுவதற்கென்றே பிறந்தவன். அவனுக்கு இரண்டு கூட்டாளிகள். ஒருவர் உயர்நிலைப் பள்ளித் தமிழாசிரியர், சமணர், நயினார் சார் என்றுதான் ஊரே கூப்பிடும். இன்னொருவர் அச்சாபீசில் புரூஃப் பார்க்கிற சண்முகம். ஞாயிற்றுக்கிழமை ஆனால் மூன்று பேரும் பள்ளிக்கூடத்து அறை ஒன்றில் உட்கார்ந்து கதை, கவிதை, கட்சி என்று தொண்டை கட்டப் பேசுவார்கள். சைக்ளோஸ்டைலில் ஒரு பத்திரிகையும் போட்டார்கள். எல்லாருக்கும் புனைபெயர்.

நெருக்கடி நிலை வந்து, எழுபத்தாறில் நம் மாநில ஆட்சியையும் கலைத்த பிறகு, பள்ளிக்கூடத்து அறை பூட்டிக்கொண்டது. ஐந்து பேர் கூடி நின்றால் கூட்டம், கூட்டம் என்றால் குற்றம். அச்சாபீசில் கல்யாணப் பத்திரிகையைக்கூட இரண்டு தரம் படித்துப் பார்த்துத்தான் அச்சடித்தார்கள். அப்போது நயினார் சார்தான் வழி கண்டுபிடித்தார். நம் ஊரில் நாலு பேர் நடந்துகொண்டே பேசினால் யார் கேட்பார்கள், மலையைச் சுற்றலாம் என்றார்.

அப்படியாகத்தான் சாமி இல்லை என்கிறவனும், சமணரும், எதிலும் பட்டுக்கொள்ளாத சண்முகமும் ஞாயிறுதோறும் கிரிவலம் போனார்கள். மூன்று ஆம்பிளைகள் வெறுங்கையோடு போனால் சந்தேகம் வரும் என்று, தேங்காய் பழத் தட்டோடு என்னையும் கூட்டிக்கொண்டார்கள். தேன்மொழியை மாமியாரிடம் விட்டுவிட்டுப் போவேன். அந்தக் கூட்டத்தில் பக்தி இருந்தது எனக்கு மட்டும்தான்.

கிரிவலப் பாதையில் எட்டுத் திசைக்கும் எட்டு லிங்கம் இருக்கிறதல்லவா, அதையே பேச்சுக்கு மணியாக வைத்துக்கொண்டார்கள். ஒரு லிங்கத்திலிருந்து அடுத்த லிங்கம் வரை ஒருவர் பேசலாம். குறுக்கே யாரும் வாய் திறக்கக் கூடாது. லிங்கம் வந்துவிட்டால் பாதி வாக்கியத்தில் இருந்தாலும் நிறுத்த வேண்டும். நடை தூரம் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்காது, அதனால் நீண்ட தூரம் யாருக்கு என்று அதற்கே ஒரு சண்டை. அண்ணன் பேசும்போது லிங்கம் நெருங்கினால் நடையை மெதுவாக்குவான். ஏழுமலைக்குக் காலில் முள் குத்திடுச்சு போலிருக்கு என்று சண்முகம் கிண்டல் பண்ணுவார். நான் ஒவ்வொரு சந்நிதியிலும் கற்பூரம் ஏற்றி, இவர்கள் பேசுவது யார் காதிலும் விழக் கூடாது என்று வேண்டிக்கொள்வேன்.

ஒரு தப்புப் பண்ணினார்கள். நயினார் சார் சமண வழக்கப்படி பொழுது சாய்ந்தால் வாயில் தண்ணீர்கூட விட மாட்டார். காலையில் அவருக்குப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் வேலை. அதனால் மத்தியானச் சாப்பாடு முடிந்த கையோடு புறப்பட்டு, இருட்டுவதற்குள் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். பங்குனி வெயிலில், செருப்பில்லாமல், உச்சிப் பொழுதில் யாராவது மலையைச் சுற்றுவார்களா? விடிகாலையில் போவார்கள், பௌர்ணமியில் போவார்கள். கதை கவிதை என்று அத்தனை நுணுக்கம் பார்க்கிறவர்களுக்கு இது தோன்றவே இல்லை.

4

ஒரு ஞாயிறு எமலிங்கத்தைத் தாண்டினதும் குடை பிடித்த ஒருவர் எங்களோடு சேர்ந்து நடக்க ஆரம்பித்தார். நடுத்தர வயசு, மடித்துக் கட்டிய நல்ல வெள்ளை வேட்டி. துணைக்கு ஆள் இருந்தா நடக்கறது சுலுவா இருக்குங்க என்றார். நான் முதலில் பார்த்தது அவர் கால்களைத்தான். முழங்காலுக்குக் கீழே கருத்தும், கணுக்காலுக்குக் கீழே வெளுத்தும் இருந்தன. வருஷக்கணக்காகப் போலீஸ் பூட்சுக்குள் இருந்த கால்கள்.

அண்ணனும் கவனித்துவிட்டான். அன்றைக்கு மல்லாட்டை விளைச்சலும் கடலை எண்ணெய் விலையும்தான் பேச்சு. அவரும் சேர்ந்ததில் நாங்கள் ஐந்து பேர் ஆகிவிட்டோம், இப்பத்தான் நாம சட்டப்படி கூட்டம் என்று சண்முகம் என் காதில் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்த ஞாயிறும் அவர் வந்தார். நான் அண்ணனிடம் கெஞ்சினேன், இதோடு விட்டுவிடு என்று. திடீரென்று நின்றால்தான் சந்தேகம் வரும் என்றான். உண்மையில் அவனால் நிற்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை பேசாவிட்டால் அவனுக்கு ஜுரம் வந்துவிடும்.

மூன்றாம் தடவை, வருணலிங்கம் தாண்டி அடி அண்ணாமலைக்குப் போகிற வழியில், குடைக்காரர் தானாகவே பேச்செடுத்தார். யாரோ ஒரு சைக்ளோஸ்டைல் பத்திரிகை கொடுத்தார்களாம், அதில் ஒரு கிணற்றுக் கதை படித்தாராம். அது அண்ணன் எழுதிய கதை. ஒரு ஊரில் கிணற்றுத் தண்ணீர் நாறிப்போகும். நாற்றம் என்று யாரும் சொல்லக் கூடாது என்று ஊர்ப் பெரியதனக்காரர் உத்தரவு போடுவார். எல்லாரும் வாயை மூடிக்கொண்டு குடிப்பார்கள். வெளியூரிலிருந்து வாழ வந்த பெண் ஒருத்தி, ஒரு வாய் குடித்ததும் எல்லார் எதிரிலும் துப்பிவிடுவாள். கதை அவ்வளவுதான்.

குடைக்காரர் நிதானமாகச் சொன்னார். "கதை பரவாயில்லீங்க. ஆனா அந்தப் பொண்ணு திமிர் புடிச்சவ. ஊருக்கு அடங்காதவ துப்பறதுல இன்னா அதிசயம் இருக்குது?"

நயினார் சார் வெயில் ஜாஸ்தி என்றார். சண்முகம் மழை வருமா என்று வானத்தைப் பார்த்தார். நான் அண்ணன் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தேன். அவன் முகம் சிவந்துபோயிருந்தது. கொஞ்ச தூரம் பொறுத்தான் பாவம். ஒரு புளியமரம் வரைக்கும்.

"திமிரு இல்லீங்க," என்றான். "அவ நல்ல தண்ணி குடிச்சு வளந்தவ. நாக்கு ஏத்துக்கல, துப்பிட்டா. அவளுக்கே தெரியாம துப்பறா. அதான் கதை."

"அது உங்க அபிப்பிராயம். எழுதினவரு அப்படி நெனச்சாரோ இன்னாவோ."

"அப்படித்தான் நெனச்சேன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்தது. குடைக்காரர் கொஞ்ச நேரம் அவனையே பார்த்தார். பிறகு, அந்தப் பெண் துப்பாமல் விழுங்கிவிட்டு அழுதிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும் என்றார். அண்ணன் அதற்கும் பதில் சொன்னான். இனி மறைத்து என்ன என்று தோன்றிவிட்டதோ, அல்லது வாதம் அவனை இழுத்துக்கொண்டு போனதோ, குபேரலிங்கம் வரைக்கும் இரண்டு பேரும் அந்தக் கதையையே பேசிக்கொண்டு வந்தார்கள். அத்தனை மரியாதையாக, அத்தனை அக்கறையாக. பின்னால் தட்டைப் பிடித்துக்கொண்டு வந்த எனக்குக் கால் சூடுகூடத் தெரியவில்லை.

5

செவ்வாய்க்கிழமை காலையில் இரண்டு பேர் வந்தார்கள். அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கை கழுவும் வரை வாசலில் நின்றார்கள். சும்மா விசாரிக்கத்தான், மத்தியானம் அனுப்பிவிடுவோம் என்று என் அம்மாவிடம் சொன்னார்கள். மத்தியானத்துக்கு அம்மா அவனுக்குச் சோறு எடுத்து வைத்திருந்தாள்.

அவன் வேலூர் ஜெயிலில் இருக்கிறான் என்று தெரிந்துகொள்ளவே நான் படாத பாடு பட்டேன். ஸ்டேஷனில் கேட்டால் தாலுகா ஆபீஸ், தாலுகா ஆபீசில் கேட்டால் மேலிடம். மேலிடம் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். பதில் சொன்ன கிளார்க் அண்ணனோடு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்தவர்தான். என்னைத் தெரியாத மாதிரி விண்ணப்பம் எழுதிக் கொண்டுவரச் சொன்னார். தேரடித் தெருவில் தெரிந்தவர்கள் எதிரில் வந்தால், திடீரென்று ஏதோ கடையில் வேலை இருப்பது போல ஏறிவிடுவார்கள். நயினார் சார் மட்டும், பயந்துகொண்டேதான், வாரத்துக்கு ஒரு தடவை வந்து அம்மாவுக்கு எதிரில் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்துவிட்டுப் போவார்.

தேர்தல் அறிவித்த பிறகு அண்ணனை விட்டார்கள். ஆட்சி மாறி வேலையும் திரும்பக் கிடைத்தது. மெலிந்திருந்தான், மற்றபடி அதே வாய். ஜெயிலில் தமிழ்நாட்டின் சிறந்த மூளைகளோடு ஒரே அறையில் இருந்தேன் என்று பீற்றிக்கொள்வான். வந்த மாதமே இன்னொரு கதை எழுதினான். உள்ளே போய் வந்தவனுக்குப் பயம் போய்விட்டது. வெளியே நின்ற எனக்குத்தான் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் நெஞ்சு அடித்துக்கொண்டது. நைஜீரியாவுக்கு டீச்சர்கள் வேண்டும் என்ற விளம்பரத்தைப் பார்த்ததும், சம்பளத்தைக்கூடச் சரியாகப் படிக்காமல் விண்ணப்பம் போட்டேன். பேசுகிறவர்கள் யாரும் இல்லாத ஊருக்குப் போனால் போதும் என்றிருந்தது.

6

தேன்மொழிக்கு இது எதுவும் தெரியாது. மாமா ஜெயிலுக்குப் போனதையே நான் சொன்னதில்லை. விவாதத்துக்கு அவள் எழுதி வைத்திருந்ததை வாங்கி, கணக்குத் திருத்துகிற மாதிரி திருத்தினேன். மழை, விதை, சோறு என்பதையெல்லாம் அப்படியே விட்டு வைத்து, துப்பாக்கி என்று வந்த இடங்களை அடித்தேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாலும் ஒத்துக்கொண்டாள். அவ்வளவும் மனப்பாடம் ஆகும்வரை என் முன்னால் சொல்ல வைத்தேன். என் வீட்டுக்காரர், சின்னப் பிள்ளைகள் விவாதத்துக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்றார். அவருக்கென்ன, குழாயில் தண்ணீர் வந்தால் அவர் உலகம் சரியாக இருக்கும்.

விழா அன்று மேஜர் சொன்ன நேரத்துக்கு வந்தார். இளைஞர்தான், கண்ணாடி போட்டிருந்தார். வாசலில் துப்பாக்கியோடு இரண்டு சிப்பாய்கள். தேன்மொழி அடக்கமாக நின்று, நான் விட்டு வைத்ததை மட்டும் அழகாகச் சொன்னாள். மழை, விதை, சோறு. எனக்கு மூச்சு வந்தது. மேஜர்கூட மெல்லக் கை தட்டினார்.

பிறகு எதிர்க்கட்சிப் பையன் எழுந்தான். படைவீரர்தான் நாட்டைச் சுத்தம் செய்தவர் என்றான். உழவர்களுக்கு வோட்டுப் போடும் உரிமை கொடுத்தோம், அவர்கள் திருடர்களைத் தேர்ந்தெடுத்தார்கள், படைவீரர் வந்து காப்பாற்ற வேண்டியிருந்தது என்றான். யாரோ எழுதிக் கொடுத்தது நன்றாகத் தெரிந்தது. சபை பலமாகக் கை தட்டியது. மறுப்புச் சொல்ல ஒரு நிமிஷம் உண்டு, விரும்பினால் சொல்லலாம் என்றார் தலைமை ஆசிரியர். நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். அவள் என் பக்கம் பார்க்கவில்லை.

ஒலிபெருக்கிக்கு முன்னால் வந்து, காகிதம் எதுவும் இல்லாமல் இங்கிலீஷில் சொன்னாள். உழவர்கள் தப்பாகத் தேர்ந்தெடுத்திருக்கலாம், தெரிந்ததும் அடுத்த தடவை மாற்றித் தேர்ந்தெடுப்பார்கள். படைவீரர் தப்புப் பண்ணினால் மாற்றுவதற்கு உழவரிடம் என்ன இருக்கிறது? இவ்வளவுதான். சொல்லிவிட்டு நன்றி சொன்னாள்.

பின்வரிசைப் பிள்ளைகள் கத்தினார்கள். முன்வரிசையில் ஒருவர்கூட அசையவில்லை. மேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எழுந்து மேடையின் ஓரத்துக்கு வந்து, அவளைப் பார்த்து, ரொம்ப மென்மையான குரலில் கேட்டார், இதை உனக்கு யார் எழுதிக் கொடுத்தது என்று.

அப்போது என் கால்கள் என்னைக் கேட்கவில்லை. எழுந்து நின்றேன். "நான்தான் எழுதிக் கொடுத்தேன், ஐயா. நான் அவள் அம்மா. அவள் மனப்பாடம் பண்ணிச் சொன்னாள், அர்த்தம் தெரியாது" என்று இங்கிலீஷில் சொன்னேன். என் குரல் எங்கிருந்தோ வருவது மாதிரி இருந்தது. கூட்டிக்கொண்டு போவதென்றால் என்னைக் கூட்டிக்கொண்டு போகட்டும்.

தேன்மொழி ஒலிபெருக்கியை விட்டு நகரவில்லை. "இல்லை, ஐயா," என்றாள். "அம்மா பொய் சொல்கிறார்கள். யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. இப்போதுதான் தோன்றியது."

மேஜர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். உங்கள் இரண்டு பேரில் ஒருவர் பொய் சொல்கிறார் என்று சொல்லிச் சிரித்தார். சபையும் சிரித்தது, சிரிக்கத்தானே வேண்டும். பரிசாக ஓர் அகராதி கொடுத்தார், அவள் கையைக் குலுக்கினார். போகும்போது தலைமை ஆசிரியரிடம் எங்கள் பெயரைக் கேட்டார். அவர் என் முழுப்பெயரையும் எழுத்துக் கூட்டிச் சொன்னதை நான் கேட்டேன்.

7

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவள் அகராதியைக் கையில் பிடித்தபடி எனக்கும் அவள் அப்பாவுக்கும் முன்னால் நடந்தாள். மேஜர் பாராட்டத்தான் கேட்டிருப்பார், நீதான் பேயைப் பார்த்த மாதிரி நின்றாய் என்றார் என் வீட்டுக்காரர். இருக்கலாம். குடைக்காரர்கூட அந்தக் கதையை ரசித்துத்தான் பேசிக்கொண்டு வந்தார்.

சாயங்காலம் அவளை உட்கார வைத்து மாமா கதையை முழுசாகச் சொன்னேன். மலை, லிங்கங்கள், வெளுத்த கால்கள், செவ்வாய்க்கிழமை எல்லாம். சொன்னால் பயப்படுவாள், இனி வாயைக் கட்டிக்கொள்வாள் என்று நினைத்தேன். கண் கொட்டாமல் கேட்டாள். முடித்ததும், "மாமா அது தன்னோட கதைன்னு சொன்னார்ல?" என்றாள்.

ஆமாம், அதனால்தான் உள்ளே போனார் என்றேன்.

"நீ ஏன் என்னோடதை உன்னுதுன்னு சொன்ன?" என்று கேட்டாள். அழுதாள். அவள் தமிழில் அழுது நான் ரொம்ப நாளாகப் பார்த்ததில்லை. "அர்த்தம் தெரியாதுன்னு வேற சொல்லிட்ட. எல்லார் எதிர்லயும்."

உன்னைக் காப்பாற்றத்தான் என்றேன். அது தெரியும் என்றாள், தெரிந்தாலும் சொல்லியிருக்கக் கூடாது என்றாள். எழுந்து அறைக்குப் போய்விட்டாள். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

குடியேற்ற அலுவலகத்தில் கேட்டால் பாஸ்போர்ட் மேலே போயிருக்கிறது என்கிறார்கள். மேலே என்றால் எங்கே என்று இந்தத் தடவை நான் கேட்கவில்லை. தெருவில் ஏதாவது வண்டி வந்து நின்றால், கையிலிருப்பதைப் போட்டுவிட்டு எழுந்து நிற்கிறேன். அதற்குள் அவள் போய்க் கதவைத் திறந்துவிடுகிறாள்.